சிறைவாசிகள் நடத்தும் நாய்ப் பயிற்சித் திட்டங்கள்

விலங்குக் காப்பகங்களில் யாரும் தத்தெடுக்காமல் தங்கிவிட்ட நாய்களைச் சிறைவாசிகளின் பொறுப்பில் விட்டு, அவற்றுக்கு நல்ல பழக்கங்களைக் கற்பித்து, பின்னர் வெளியிலுள்ள குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கும் ஏற்பாடே சிறை நாய்ப் பயிற்சித் திட்டம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டில் ஒரு பெண்கள் சிறையில் வேரூன்றிய இம்முறை, இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் ஏதேனும் ஒரு வடிவில் நடைபெறுகிறது. ஜப்பான் போன்ற பிற நாடுகளிலும் இதையொத்த திட்டங்கள் உள்ளன.

குற்றம் புரிந்தவரிடம் ஓர் உயிரை ஒப்படைக்கலாமா என்பது இத்திட்டத்தைக் கேள்விப்படும் எவருக்கும் முதலில் எழும் ஐயம். நாய்க்குப் பயிற்சி எவ்வாறு அளிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், இதற்குச் சிறை ஏன் ஏற்ற இடமாக அமைந்தது என்பதும், கற்பிப்பவரே இதில் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்பதும் விளங்கும்.

பின்னணி

அமெரிக்க நகரங்களில் தெருநாய்களைக் காண்பது அரிது. தொலைந்துபோன நாய், கைவிடப்பட்ட நாய், வளர்க்க இயலாமல் உரிமையாளரே கொண்டுவந்து ஒப்படைக்கும் நாய் என எல்லாமே உள்ளாட்சி அமைப்புகளோ தொண்டு நிறுவனங்களோ நடத்தும் காப்பகங்களுக்குச் சென்றுவிடும். காப்பகங்களில் இடம் குறைவு. உரிய காலத்துக்குள் யாரும் தத்தெடுக்காத நாய்களை ஊசி போட்டுக் கொல்லும் வழக்கம் பல காப்பகங்களில் இருந்துவருகிறது. விலங்கு வதைத் தடுப்புக்கான அமெரிக்கச் சங்கம் 2019ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஓராண்டில் சுமார் 31 லட்சம் நாய்கள் காப்பகங்களுக்கு வந்தன. சுமார் 3,90,000 நாய்கள் கொல்லப்பட்டன.

இவ்வாறு ஒதுக்கப்படும் நாய்களில் பல நோயுற்றவையும் அல்ல, கொடியவையும் அல்ல. ஆள் வந்தால் மேலே தாவுவது, நடத்திச் செல்லும்போது கயிற்றை இழுப்பது, வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது, பொருள்களைக் கடித்துக் குதறுவது, புதியவரைக் கண்டால் மூலையில் ஒடுங்குவது போன்றவையே அவற்றின் குறைகள். யாரேனும் சில வாரங்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் இவற்றில் பெரும்பாலானவை நீங்கிவிடும். நூற்றுக்கணக்கான நாய்களைப் பராமரிக்கும் காப்பக ஊழியருக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. கூண்டில் நாள் முழுவதும் அடைபட்டுக் கிடக்கும் நாயின் நடத்தை மேலும் கெடுகிறது. அதனால் அதைத் தத்தெடுக்க யாரும் முன்வருவதில்லை.

மறுபுறம், அந்நாட்டின் மாநில, கூட்டாட்சிச் சிறைகளில் சுமார் 12 லட்சம் பேர் உள்ளனர். அவர்களிடம் நேரம் மிகுதி. பொருளுள்ள வேலை குறைவு. அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு, 2005ஆம் ஆண்டில் 30 மாநிலங்களின் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் கைது செய்யப்பட்டனர். தண்டனைக் காலத்தில் என்ன செய்ய வைத்தால் இந்த எண்ணிக்கை குறையும் என்ற தேடலில்தான் கல்வி, தொழிற்பயிற்சி ஆகியவற்றோடு நாய்ப் பயிற்சியும் இடம்பெற்றது.

தோற்றம்

சிறைப்பட்டோருக்கும் விலங்குகளுக்கும் இடையிலான உறவை முறையாகக் கவனித்த தொடக்க முயற்சிகளில் ஒன்று, ஓகையோ மாநிலத்தின் லைமா அரசு மருத்துவமனையில் 1975ஆம் ஆண்டில் நடந்தது. குற்றம் புரிந்த மனநோயாளிகளை அடைத்துவைத்துச் சிகிச்சை அளித்த இடம் அது. யாரோடும் பேசாத நோயாளிகள் சிலர், அடிபட்ட ஒரு குருவியை எடுத்துவைத்து, ஒருவரோடொருவர் ஒத்துழைத்து அதைப் பேணுவதை அங்கு பணியாற்றிய டேவிட் லீ என்னும் சமூகப் பணியாளர் கண்டார். அதன்பின் ஒரு பிரிவில் செல்ல விலங்குகள் அனுமதிக்கப்பட்டன. ஓராண்டுக்காலம் இரு பிரிவுகளும் ஒப்பிடப்பட்டன. விலங்குகள் இருந்த பிரிவில் மருந்துத் தேவை பாதியாக இருந்தது, வன்முறை குறைந்தது, தற்கொலை முயற்சி ஒன்றுகூட நிகழவில்லை. விலங்குகள் இல்லாத பிரிவில் 8 தற்கொலை முயற்சிகள் பதிவாயின.

நாய்ப் பயிற்சியைச் சிறைக்குள் வெற்றிகரமாகக் கொண்டுவந்தவராக அறியப்படுபவர் பாலின் க்வின் என்னும் டொமினிக்கன் சபைத் துறவி. இளமையில் வீட்டை விட்டு வெளியேறி, பல காப்பு நிறுவனங்களிலும் தெருவிலும் துன்புற்றவர் அவர். ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு நாயின் துணையே தமக்குத் தன்னம்பிக்கையை மீட்டுத் தந்ததாக அவர் கூறிவந்தார். தமக்குக் கிடைத்தது சிறையிலுள்ள பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரித் தலைவராக இருந்த லியோ புஸ்டாட் இதற்குத் துணைநின்றார். புஸ்டாடும் அடைபட்ட வாழ்வை அறிந்தவரே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். இவர்களது முயற்சியால் 1981ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் கிக் ஹார்பர் அருகேயுள்ள பெண்கள் சிறையில் திட்டம் தொடங்கியது. காப்பகங்களிலிருந்து எடுத்துவரப்பட்ட நாய்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பயிற்சி அங்கே அளிக்கப்பட்டது. அந்தத் தகுதியை எட்டாதவை வீட்டு நாய்களாகத் தத்துக் கொடுக்கப்பட்டன.

வகைகளும் பரவலும்

இன்று நடைபெறும் திட்டங்களை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை காப்பக நாய்களுக்கானது. வளர்ந்த நாய்கள் பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் வரை சிறையில் தங்கி, அடிப்படைப் பழக்கங்களைக் கற்று, குடும்பங்களுக்குச் செல்கின்றன. ஓரிகன் மாநிலத்தின் மெக்லாரன் இளையோர் சீர்திருத்த நிலையத்தில் 1993ஆம் ஆண்டில் தொடங்கிய 'புராஜெக்ட் பூச்', ஆர்கன்சா மாநிலச் சிறைகளில் 2011ஆம் ஆண்டில் தொடங்கிய 'பாஸ் இன் பிரிசன்' ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகை உதவி நாய்களுக்கானது. இதில் நல்ல இனக் குட்டிகள் சுமார் 8 வார வயதில் சிறைக்கு வந்து ஓராண்டுக்கு மேல் வளர்கின்றன. பின்னர் பார்வையற்றோருக்கு வழிகாட்டவோ, போரில் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்குத் துணையாகவோ, வெடிபொருள்களை மோப்பம் பிடிக்கவோ செல்கின்றன. நியூயார்க் மாநிலத்தில் 1997ஆம் ஆண்டில் தொடங்கிய 'பப்பீஸ் பிஹைண்ட் பார்ஸ்' இவ்வகையில் பெயர்பெற்றது. ஜப்பானில் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஷிமானே அசாஹி சிறையில், பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்க்குட்டிகளைச் சிறைவாசிகள் வளர்க்கிறார்கள். அங்கே வார இறுதியில் குட்டிகள் உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டுக்குச் சென்று திரும்புகின்றன.

இக்கட்டுரை முதன்மையாக முதல் வகையைப் பற்றியது.

பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுத்தல்

விரும்பும் எல்லோருக்கும் இவ்வாய்ப்புக் கிடைப்பதில்லை. விதிகள் சிறைக்குச் சிறை மாறுபட்டாலும் சில நிபந்தனைகள் பொதுவானவை. விலங்குகளைத் துன்புறுத்திய குற்றத்துக்கு ஆளானவர்கள் சேர்க்கப்படுவதில்லை. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களும் பாலியல் குற்றங்களும் புரிந்தவர்களைப் பல திட்டங்கள் விலக்குகின்றன. அண்மைக் காலத்தில் சிறை ஒழுங்கை மீறாதவராக இருக்க வேண்டும். விண்ணப்பமும் நேர்காணலும் உண்டு.

சேர்ந்த பின்னும் ஒழுங்கு தவறினால் நாய் திரும்பப் பெறப்படும். இதனால் சிறைவாசி தம் கோபத்தை அடக்கப் பழகுகிறார். தம்மோடு ஒருவர் சண்டைக்கு வரும்போது, கைநீட்டினால் நாய் போய்விடும் என்ற நினைவு அவரைத் தடுக்கிறது.

பயிற்சி நடைபெறும் முறை

காப்பகமோ தொண்டு நிறுவனமோ நாயைத் தேர்ந்தெடுத்து, உடற்பரிசோதனை செய்து, தடுப்பூசி போட்டு அனுப்புகிறது. உணவு, மருத்துவச் செலவுகளையும் பெரும்பாலும் அதுவே ஏற்கிறது. வெளியிலிருந்து ஒரு தொழில்முறைப் பயிற்சியாளர் குறிப்பிட்ட நாள்களில் வந்து வகுப்பு நடத்துவார். அவர் சொல்லித்தருவதை மற்ற நாள்களில் செய்து பழக்குவது சிறைவாசியின் வேலை. ஒரு நாய்க்கு இருவர் பொறுப்பாக இருப்பது வழக்கம். ஒருவருக்கு மருத்துவமனையோ நீதிமன்றமோ செல்ல நேர்ந்தால் மற்றவர் பார்த்துக்கொள்வார். பல சிறைகளில் நாய் அவர்களுடைய அறையிலேயே தங்குகிறது. நாள்தோறும் பல முறை நடக்கும் தலை எண்ணிக்கையின்போது அது தன் கூண்டுக்குள் அமைதியாக இருக்கப் பழகுகிறது.

இத்திட்டங்களில் பெரிதும் பின்பற்றப்படுவது அடித்துப் பழக்கும் பழைய முறை அன்று. நல்ல செயலுக்கு உடனடியாகப் பரிசளிக்கும் முறை. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் இதற்கு அடிப்படை. அவருடைய மாணவர்களான கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் ஆகியோர் 1940களில் விலங்குப் பயிற்சியை ஒரு தொழிலாகவே வளர்த்தனர். செயல் சரியாக நடந்த நொடியில் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவியை அழுத்தி, உடனே ஒரு தின்பண்டத் துண்டைக் கொடுப்பார்கள். எந்தச் செயலுக்குப் பரிசு கிடைத்தது என்பது நாய்க்கு ஐயமின்றி விளங்கிவிடும்.

சில எடுத்துக்காட்டுகள்:

கயிற்றை இழுக்கும் நாய்: நாய் இழுத்தவுடன் நடத்துபவர் நின்றுவிடுவார். கயிறு தளர்ந்ததும் மீண்டும் நடப்பார். இழுத்தால் நகர முடியாது, இழுக்காவிட்டால் போகலாம் என்பதை நாய் தானே கண்டுகொள்ளும்.

மேலே தாவும் நாய்: தாவும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். நான்கு கால்களும் தரையில் பட்டவுடன் தட்டிக்கொடுப்பார்கள்.

அஞ்சி ஒடுங்கும் நாய்: அருகே சென்று தூக்க முயல மாட்டார்கள். சற்றுத் தள்ளித் தரையில் பக்கவாட்டாக அமர்ந்து, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், தின்பண்டத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நாய் தானாக வருவதற்குச் சில நாள்கூட ஆகலாம்.

மூன்றுக்கும் பொதுவான தேவைகள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்வது. ஐந்து முறை சரியாகச் செய்து ஆறாவது முறை விட்டுவிட்டால் நாய் குழம்பிவிடும். மற்றொன்று, அவசரமில்லாத நேரம். வேலைக்கும் கடைக்கும் ஓடும் குடும்பத்தாரால் இவ்விரண்டையும் எளிதில் தர இயலாது. ஒழுங்கான கால அட்டவணையில், நாள் முழுவதும் நாயின் அருகிலேயே இருக்கும் சிறைவாசியால் தர முடியும்.

பத்துச் சோதனைகள்

பல திட்டங்கள் அமெரிக்கன் கென்னல் கிளப் 1989ஆம் ஆண்டில் ஏற்படுத்திய 'நற்குடிமகன் நாய்' தேர்வை இலக்காகக் கொள்கின்றன. கலப்பின நாய்களும் இத்தேர்வில் பங்கேற்கலாம். இதில் 10 சோதனைகள் உள்ளன:

1. புதியவர் ஒருவர் வந்து பேசும்போது அமைதியாக இருத்தல்
2. தடவிக்கொடுக்கும்போது ஒழுங்காக உட்கார்ந்திருத்தல்
3. உடலைச் சீவித் துடைக்கவும், காது, பாதங்களைத் தொட்டுப் பார்க்கவும் இடம்தருதல்
4. கயிறு தளர்ந்த நிலையில் உடன் நடத்தல்
5. மக்கள் கூட்டத்தினிடையே நடத்தல்
6. சொன்னவுடன் உட்காருதல், படுத்தல், அதே இடத்தில் இருத்தல்
7. கூப்பிட்டவுடன் வருதல்
8. மற்றொரு நாயைக் கண்டால் பாயாமல் இருத்தல்
9. திடீர் ஒலி, அசைவு ஆகியவற்றால் நிலைகுலையாமல் இருத்தல்
10. உரிமையாளர் கண்ணில் படாதபோது, வேறொருவருடன் 3 நிமிடம் அமைதியாக இருத்தல்

சிறையின் இரைச்சலே சில சோதனைகளுக்குப் பழக்கமாகிவிடுகிறது. இரும்புக் கதவுகளின் ஓசை, ஒலிபெருக்கி அறிவிப்பு, உணவுக்கூடத்துக்குச் செல்லும் கூட்டம் ஆகியவற்றை அன்றாடம் காணும் நாய் எளிதில் மிரளாது. ஆனால் சிறையில் குழந்தைகள் இல்லை. சாலைப் போக்குவரத்து இல்லை. வீட்டுச் சமையலறை இல்லை. இக்குறையைப் போக்க, சில திட்டங்களில் தன்னார்வலர்கள் அவ்வப்போது நாய்களை வெளியே அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுகின்றனர்.

கற்பிப்பவர் கற்பது

தண்டனைக்காக அடைக்கப்பட்ட ஒருவர், தண்டனையே இல்லாத முறையில் மற்றோர் உயிருக்குக் கற்பிக்கிறார் என்பது இத்திட்டத்தின் தனித்தன்மை. கத்தினால் நாய் அஞ்சும், அடித்தால் ஒளிந்துகொள்ளும் அல்லது கடிக்கும், ஆனால் கற்காது. நாய் சொன்னதைச் செய்யாதபோது, 'இது ஏன் கேட்கவில்லை?' என்ற கேள்வி, 'இதற்குப் புரியும்படி சொன்னோமா?' என்ற கேள்வியாக மாறியாக வேண்டும். நல்ல ஆசிரியர் எவரும் அறிந்த பாடம் இது. வீட்டிலும் தெருவிலும் அடியையும் வசையையும் மட்டுமே கண்டு வளர்ந்த பலர் இதைச் சிறையில்தான் முதன்முதலாகக் கற்கின்றனர்.

நாயின் அன்றாட முன்னேற்றத்தைக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் பல திட்டங்களில் உண்டு. எதற்கு அஞ்சுகிறது, எந்தத் தின்பண்டத்தை விரும்புகிறது, எந்தச் சொல்லுக்கு உட்காரும் என்பவற்றைத் தத்தெடுக்கும் குடும்பத்துக்குத் தெளிவாக எழுதித் தர வேண்டும். எழுதிப் பழகாதவருக்கு, யாரோ ஒருவர் உண்மையில் படிக்கப்போகும் எழுத்தை எழுதும் வாய்ப்பாக இது அமைகிறது. விடுதலைக்குப் பின் நாய்ப் பயிற்சி, விலங்குகளுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் பணி, கால்நடை மருத்துவமனை உதவிப் பணி ஆகியவற்றுக்கும் இந்த அனுபவம் உதவக்கூடும்.

ஆய்வுகள் கூறுவது

ஓரிகன் திட்டத்தைப் பற்றி 2000ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட ஒரு முனைவர் பட்ட ஆய்வில், அதில் பங்கேற்று விடுதலையான இளைஞர்களில் எவரும் மீண்டும் குற்றம் புரியவில்லை எனப் பதிவானது. இச்செய்தி பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் இத்தகைய முடிவுகளைக் கவனத்தோடு படிக்க வேண்டும்.

இத்திட்டங்களில் சேர்பவர்கள் ஏற்கெனவே நன்னடத்தைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நாய் இல்லாவிட்டாலும் அவர்களில் பலர் மீண்டும் குற்றம் புரியாதிருந்திருக்கலாம். நன்றாகப் படிக்கும் மாணவர்களை மட்டும் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டு, அந்த வகுப்பின் தேர்ச்சி விகிதத்தைக் காட்டிப் பாடநூலைப் புகழ்வது போன்றது இது. மேலும், பல ஆய்வுகளில் பங்கேற்றோர் எண்ணிக்கை மிகக் குறைவு. விண்ணப்பித்துத் தகுதிபெற்று, இடம் கிடைக்காமல் காத்திருப்போரை ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்ளும் ஆய்வுகளே நம்பகமானவை. அவை மிகச் சில.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியவர்களின் முடிவுகள் பொதுவாக நல்ல பக்கமே சாய்கின்றன. எனினும் பயன் எந்த அளவு, எதில் மிகுதி என்பதில் அவை ஒத்துப்போவதில்லை. சிறைவாசிகளும் ஊழியர்களும் தரும் நேரடிச் சான்றுகளில் அடிக்கடி வருபவை: நாய் இருக்கும் பகுதியில் பேச்சு மென்மையாகிறது, சிறைவாசிகளும் காவலர்களும் இயல்பாகப் பேசிக்கொள்ள ஒரு பொருள் கிடைக்கிறது, தனிமை குறைகிறது.

நாய்களின் பக்கத்தில் பயன் கண்கூடானது. தத்தெடுக்கப்பட்ட ஒவ்வொரு நாயும் காப்பகத்தில் ஓர் இடத்தைக் காலிசெய்கிறது. அந்த இடத்தில் இன்னொரு நாய் பிழைக்கலாம்.

குறைகளும் எதிர்ப்புகளும்

குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் சிலர், தம் அன்புக்குரியவரைப் பறித்தவருக்கு நாயின் அன்பு கிடைப்பதை ஏற்க இயலாது என்கின்றனர். இது எளிதில் ஒதுக்கத்தக்க குரல் அன்று. அமெரிக்கச் சிறை வேலைகள் பலவற்றுக்கு மணிக்கு ஒரு டாலருக்கும் குறைவாகவே கூலி வழங்கப்படுகிறது. நாய்ப் பயிற்சியும் அவ்வாறே மலிவான உழைப்பாகப் பயன்படுத்தப்படுகிறது என்பது வேறொரு குறை.

பாதுகாப்பும் கவனிக்க வேண்டியது. கான்சஸ் மாநிலத்தின் லான்சிங் சிறையில் 2006 பிப்ரவரியில், நாய்ப் பயிற்சித் திட்டத்தை நடத்திவந்தவரே ஒரு கைதியை நாய்க்கூண்டில் மறைத்து வண்டியில் வெளியேற்றினார். சுமார் இரண்டு வாரங்களில் இருவரும் பிடிபட்டனர். வெளியாள்கள் வந்துபோகும் எத்திட்டத்துக்கும் கண்காணிப்பு எவ்வளவு தேவை என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

நாயின் நலனும் உறுதிசெய்யப்பட வேண்டும். எல்லா நாய்க்கும் சிறை ஒத்துவராது. மிகுந்த அச்சமுள்ள சில நாய்கள் இரைச்சல் தாங்காமல் காப்பகத்துக்கே திரும்ப நேரிடுகிறது.

பிரிவு

பயிற்சி முடிந்த நாளில் நாய் போய்விடும். இரவும் பகலும் உடனிருந்த துணையை அனுப்பிவிட்டு வெற்றுக் கூண்டோடு அறைக்குத் திரும்புவது பலருக்குத் தாங்க முடியாத துயரமாக இருக்கிறது. பிரிவுக்குச் சிறைவாசிகளை முன்னரே ஆயத்தம் செய்யாத திட்டங்கள் குறையுள்ளவை என்றே கருதப்படுகின்றன. சிலர் அடுத்த நாயை ஏற்க மறுப்பதும் உண்டு.

ஆயினும் இத்திட்டத்தின் பொருள் இந்தப் பிரிவில்தான் அடங்கியுள்ளது. நாய் தம்மைவிட்டுப் போகக்கூடாது என்று நினைப்பவர் அதை நன்றாகப் பழக்க மாட்டார். வேறொருவர் வீட்டில் அது நன்றாக வாழ வேண்டும் என்று நினைப்பவரே பத்துச் சோதனைகளுக்கும் அதைத் தயார் செய்வார். பத்தாவது சோதனை, தன்னைப் பழக்கியவர் கண்ணில் படாதபோதும் நாய் கலங்காமல் இருப்பது. அதைக் கற்றுக்கொடுப்பவர், தாம் இல்லாமலும் அது வாழப் பழக்குகிறார். ஆயுள் தண்டனை பெற்று, ஒருநாளும் வெளியே செல்ல வாய்ப்பில்லாத சிறைவாசிகளும் இப்பணியை ஆண்டுக்கணக்கில் செய்துவருகிறார்கள். அவர்கள் பழக்கிய நாய்கள், அவர்கள் பார்க்க முடியாத வீடுகளில் குழந்தைகளோடு வளர்கின்றன.